மரீன் டிரைவ் வீடுகளும் மும்பை மழையும்
மும்பை மரீன் டிரைவின் பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் அமெரிக்காவின் மியாமியைப் பார்த்து நகலெடுத்தவை என்று, அவற்றைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஏற்க முடியவில்லை. இந்தக் கட்டடங்களின் பாணியான ஆர்ட் டெகோ (வளைந்த மூலைகளும் நேர்த்தியான பட்டைக் கோடுகளும் கொண்ட பாணி) மியாமி கடற்கரையில் பரவியதும் 1930களில்தான். அதே பத்தாண்டில் இங்கேயும் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதே பாணியிலான மும்பை ரீகல் தியேட்டர் 1933இலேயே திறந்தாகிவிட்டது. பாணி வெளியிலிருந்து வந்தது உண்மை. அதை இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி வளைத்தவர்கள் இங்கிருந்த கட்டடக் கலைஞர்கள். மும்பையின் மாட்டுங்கா பகுதியில் அந்தக் காலத்து வீடொன்றில் நெடுநாள் வாடகைக்கு இருந்தேன். ஜன்னல்களுக்கு மேலே சன்ஷேட் ஒரே பட்டையாக ஓடி, மூலையில் உடையாமல் வளைந்து அடுத்த சுவருக்குப் போகும். ஜூலை மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்கலாம், சாரல் கட்டிலை எட்டாது. தென் மும்பையின் ஓவல் மைதானத்தின் ஒரு பக்கம் உயர் நீதிமன்றத்தின் கனத்த கல் சுவர்கள். எதிர்ப்பக்கம் இந்தக் கான்கிரீட் வீடுகள். இவற்றில் சுவர்களுக்குப் பதிலாகத் தூண்கள் சுமையைத் தாங்கிக்கொண்டதால்தான் கட்டடத்தின் மூலையிலேயே ஜன்னல் வைக்க முடிந்தது, காற்று இரண்டு பக்கமும் வந்தது. இவற்றை இடித்துவிட்டு உயரமாகக் கட்டலாம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: கடல் உப்பில் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட் பெயர்ந்து விழுவது நிஜமான பிரச்சினைதான். ஆனால் கெட்ட பகுதியைக் கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்துப் பூசுவது தெரிந்த வேலை. ஓவல், மரீன் டிரைவ் வரிசைகளை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாட்டுங்கா அதற்குள் வரவில்லை. என் கவலையெல்லாம் அந்தத் தெருக்களைப் பற்றித்தான்.