வெல்லக்கூடியவர் என்ற கணக்கு

அரசின் அளவையும் செலவையும் குறைப்பேன் என்று உறுதியாக நிற்கும் வேட்பாளரை விட்டுவிட்டு, வெல்லக்கூடியவரையே அமெரிக்கக் குடியரசுக் கட்சியினர் ஆதரிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை. 1996இல் பாப் டோல், 2008இல் ஜான் மெக்கெய்ன், 2012இல் மிட் ராம்னி ஆகியோருக்கும் இதே வாதம்தான் துணை நின்றது, மூவரும் தோற்றனர்.

அத்தகையவர் வென்றபோதும் பலன் என்ன? குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பதவியேற்றபோது 6 லட்சம் கோடி டாலருக்கும் குறைவாக இருந்த கூட்டாட்சி அரசின் கடன், அவர் விலகியபோது 10 லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. 2003இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்து அரசின் பொறுப்பை விரிவாக்கியதும் அவரே.

1964இல், அரசைச் சுருக்க வேண்டும் என்று உறுதியாக நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் ஆறு மாநிலங்களில் மட்டுமே வென்றார் என்பது உண்மை. அந்தப் படுதோல்வி நாடாளுமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்கு ஏற்கெனவே இருந்த பெரும்பான்மையை மேலும் பெருக்கி, மறு ஆண்டே மெடிகேர் சட்டத்துக்கு வழிவிட்டது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. அது கனத்த விலை. ஆயினும் அவருக்காகத் தொலைக்காட்சியில் உரையாற்றியதன் மூலம் அரசியலில் கவனம் பெற்ற ரொனால்ட் ரீகன், 1966இல் கலிஃபோர்னியா ஆளுநராகவும் 1980இல் குடியரசுத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பொதுத்தேர்தலில் வாக்குகள் சிதறும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் எதிர்க்கட்சிக்கு வாக்குச் சிதறலால் ஆதாயம் கிடைக்க வழியே இல்லாதபோது, அங்கேயும் மனசாட்சியை ஒதுக்கி வைக்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?