இதே நோயுள்ள ஓர் அண்ணன்

அரிய நோயுள்ள இளைஞர்களுக்கு மனநல ஆலோசகர்களை நியமிக்க வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையின் கோரிக்கை நியாயமானதே. ஆயினும் அதே நோயுடன் வாழும் சற்று மூத்தவர்களின் துணையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளிக்கிறது.

குடியாத்தத்தில் படிக்கும் என் மகனுக்கு ஹீமோபிலியா. இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபேக்டர் 8 என்ற புரதம் அவன் உடலில் மிகக் குறைவு. முழங்கால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து வீங்கினாலும், உடன் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று மாலைவரை மறைத்துவிடுவான். இதே குறைபாடுள்ள ஆம்பூர்க் கல்லூரி மாணவர் ஒருவர்தான், வீக்கம் வருமுன்பே மூட்டில் தோன்றும் குறுகுறுப்பையும் இளஞ்சூட்டையும் உணர்ந்த உடனே அந்தப் புரதத்தை ஏற்றும் ஃபேக்டர் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவனுக்குப் புரியவைத்தார். தம் கையில் பட்டையைக் கட்டி, புறங்கை இரத்தக் குழாயில் ஊசியை எப்படிச் செலுத்துவது என்றும் பொறுமையாகக் காட்டினார். பெற்றோர் நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேளாதவன், அவர் சொன்னதும் கேட்டான்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஃபேக்டர் 8 குறைவால் வரும் ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு, பழுதான மரபணுவுக்கு ஈடாகச் சரியான மரபணுவைச் சேர்க்கும் மரபணு சிகிச்சை அளித்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தபோது, தனக்கும் அது கிடைக்குமா என்று என் மகன் முதலில் கேட்டதும் அந்த மாணவரிடம்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் ஊசி இலவசமாகக் கிடைக்கிறது. அங்கேயே மாதம் ஒரு நாள், இப்பிள்ளைகள் பெற்றோர் உடனில்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் அறையையும், வெளியூரிலிருந்து வருவோருக்குப் பேருந்துக் கட்டணத்தையும் அரசு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.