எந்தக் கம்பஸ்?

பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளையை எங்கட ஊரில் “கம்பஸ் கிடைச்சிட்டுதாம்” என்றுதான் சொல்வார்கள். 1974 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் கம்பஸ்தான். நாட்டிலிருந்த பல்கலைக்கழகங்களை 1972 இல் ஒன்றாக்கி, ‘இலங்கைப் பல்கலைக்கழகம்’ என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். பேராதனை, கொழும்பு, கட்டுபெத்தை எல்லாம் வளாகங்கள். யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி, துணைவேந்தரோ கொழும்பில். ஏழு வருடம்கூட அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1979 ஜனவரியில் எல்லாம் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆகிவிட்டன. பிறகு வவுனியாவும் அப்படித்தான்: 1997 இலிருந்து யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகம், 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், ‘மாணவர், ஊழியர் திருப்தி’ என்று வருடாவருடம் படிவம் நிரப்பி, எந்தக் கம்பஸ் என்று பாராமல் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே சராசரி போடுகிறார்களே, அதில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

ஒரு கிளை வளாகத்தில் நாலு வருடம் படிப்பித்தேன். பெயர் வேண்டாம். முதல் வருடப் பிள்ளைகள் நூலகத்துக்கு ஐந்துக்கு நாலு புள்ளி போட்டிருந்தார்கள். எனக்கே ஆச்சரியம், இரண்டு அறை, ஏழெட்டு மேசை, நாலரைக்குப் பூட்டு. அடுத்த வருடம் விளையாட்டுப் போட்டிக்கென்று பிரதான வளாகத்துக்குப் போனார்கள். அங்கே இரவிலும் நூலகத்தில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு வந்து போட்ட புள்ளி இரண்டு. எங்கள் நூலகத்தில் ஒரு மேசைகூட மாறியிருக்கவில்லை.

ஊழியர் கதை வேறு. வகுப்பறை மல்ரிமீடியா புரொஜெக்டரின் பல்ப் எரிந்துபோனது. மூன்று விலைமனு எடுத்து, துறைத்தலைவரிடமும் பீடாதிபதியிடமும் கையெழுத்து வாங்கி, நிதியாளருக்கு அனுப்ப வேண்டும். நிதியாளர் இருப்பது பிரதான வளாகத்தில். கடிதம் கொண்டுபோகும் வான் செவ்வாயும் வெள்ளியும்தான். போன கோப்பு பத்து நாளில் திரும்பி வந்தது: ஒரு விலைமனுவில் கடைச் சீல் இல்லையாம். சரி, சீல் குத்தி மறுபடி அனுப்பினோம். அந்த அரையாண்டு முழுக்க வெள்ளைப் பலகையில் படம் கீறித்தான் படிப்பித்தேன். கை வலித்தது பெரிதில்லை. ஒரு பல்ப் வாங்கும் அதிகாரம்கூட இல்லாத இடத்தில் இருக்கிறோம் என்பதுதான் உறைத்தது.

பிரதான வளாகத்துக்காரர் சொகுசாக இருக்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். எங்களுக்கு ஒரு பாடம் எடுக்க வருபவர் விடிய நாலரைக்கு எழும்பி பஸ் பிடிப்பார். மூன்று மணித்தியாலம் ஒரே மூச்சில் படிப்பித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார். சந்தேகம் கேட்கப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் படலைவரை ஓடுவார்கள்.

ஆனால் அந்தச் சின்ன வளாகத்தில் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்த பிள்ளை யாரென்று கன்ரீன் அண்ணைக்குத் தெரியும். எனக்கும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும். அதை எந்தப் படிவத்திலும் கேட்டதில்லை.

யாழ். பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சி அறிவியல்நகருக்கும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலைக்கும் திருகோணமலைக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தை ஒருவராலும் குறைக்க முடியாது. கையெழுத்தை இடம் மாற்றலாம். சின்னச் செலவுகளுக்கு அந்தந்த வளாகத்திலேயே முடிவெடுக்க விடுங்கள். திருப்திப் புள்ளியையும் வளாகம் வளாகமாகப் பிரித்துப் போடுங்கள், பார்ப்போம்.

கிளை வளாகங்களில் இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ, உங்கட வான் எந்தெந்த நாள்?