பெரிய டயர் போட்டால் எங்கும் இறங்கலாமா?

"பெரிய டயர் பூட்டிய சிறு விமானம் ஆற்று மணல்திட்டில் இறங்கினாலும் கவிழாது" என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. இது தவறு.

31 அங்குல டயர் கூழாங்கல், சிறு பள்ளங்களைத் தாண்டும், அதுவரை சரி. ஈர மணலில் அதுவும் புதையும். வால்சக்கர விமானத்தில் (முன்னால் இரு பிரதான சக்கரங்கள், வாலடியில் ஒரு சிறு சக்கரம்) எடைமையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால், மேலே இருக்கிறது. சக்கரம் சட்டெனச் சிக்கினால் வால் எழும்பி, புரொப்பல்லர் தரையில் அடித்து, விமானம் மல்லாந்துவிடும். பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் இதே கதிதான்.

பின்காற்றுக்கும் டயர் மருந்தல்ல. தரைதொடும் வேகத்தில் 10 சதவீத அளவுக்குப் பின்காற்று வீசினால், ஓடி நிற்கும் தூரம் சுமார் 21 சதவீதம் கூடும். தூரம் வேகத்தின் இருமடியாக வளர்கிறது.

வீடியோவில் தெரிவது கடைசி இறக்கம் மட்டுமே. தேர்ந்த விமானி முதலில் மேலே சுற்றிக் காற்று, தடைகள், தப்பும் வழி பார்ப்பார். பிறகு எஞ்சின் விசையைக் குறைக்காமல், எடையை இறக்கைகளே தாங்க, சக்கரத்தை மணலில் உரசவிட்டு மேலேறுவார். திரும்பி வரும்போது தடத்தில் நீர் கசிந்து கருத்திருந்தால் அங்கே இறங்கமாட்டார்.

இறங்கிய இடத்திலிருந்து ஏறிவிடலாம் என்பதும் நிச்சயமில்லை. பல விமானங்களுக்கு இறங்குவதைவிட ஏறவே அதிக நீளம் தேவை. எடை 10 சதவீதம் கூடினால் அது சுமார் 20 சதவீதம் நீளும். நண்பகல் வெப்பத்தில் இன்னும் நீளும்.