உறைநிலம் இளகும்போது எதைக் கணக்கில் எடுக்கிறோம்?

ஆர்க்டிக் பகுதியில் நிரந்தர உறைநிலம் இளகுவதால் கட்டடங்களுக்கு ஏற்படும் ஆபத்தை மதிப்பிடும் அறிக்கைகளைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். நான் வாசித்தவற்றில் பல, சாலைக்கும் ஓடுதளத்திற்கும் குடியிருப்புக்கும் ஆகும் சீரமைப்புச் செலவைக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. விலை போட முடியாத மரபுச் சின்னங்கள் அந்தக் கணக்கில் இடம் பெறாமலே போவது எனக்கு ஆழ்ந்த கவலையைத் தருகிறது.

குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலமே உறைநிலம். அதன் மேல் கோடைதோறும் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும் ஓர் அடுக்கு உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 1906-இல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக உருவான லாங்யர்பியன் ஊரின் பழைய வீடுகள் மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. சுற்றியுள்ள மண் உறைந்து தூணைக் கவ்விக்கொள்வதே அந்த அடித்தளத்தின் பலம். ஆகவே மண் 0 டிகிரியை எட்டினால்தான் ஆபத்து என்று எண்ணுவது பெரும் தவறு. மைனஸ் 6 டிகிரியில் இருந்த மண் மைனஸ் 2-க்கு ஏறினாலே, பனிக்கட்டித் துகள்களுக்கு இடையே உறையாத நீர் கூடி, பிடி தளர்ந்து, தூண் சுமையோடு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும். அந்த ஊர் அமைந்த பள்ளத்தாக்கின் மண்ணில் பழைய கடற்படிவுகளின் உப்பும் கலந்திருப்பதால் இந்தத் தளர்ச்சி இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. மேலடுக்கு ஆழமாக இளக இளக, ஈரமும் காற்றும் பட்டுத் தூணின் மரமே உளுத்துப்போகிறது. ஸ்வால்பார்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1971 முதல் 2017 வரை 3 முதல் 5 டிகிரி வரை உயர்ந்திருக்கும் நிலையில், இளகிய பரப்பை மட்டும் வண்ணமிட்டுக் காட்டும் வரைபடங்களை நம்பி ஒரு கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு கட்டடத்தின் அருகிலும் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை ஆண்டுக்கணக்கில் அளந்தாக வேண்டும்.

நன்கு திட்டமிட்ட கட்டுமானம்கூட இதற்கு விலக்கல்ல. அதே ஊருக்கு அருகே 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகத்தின் நுழைவுச் சுரங்கத்தைச் சுற்றி, கட்டுமானத்தின்போது குலைந்த நிலம் மறுபடி உறைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள், எதிர்பார்த்தபடி உறையவில்லை. 2016 அக்டோபரில் பெய்த மழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. விதைகளுக்குச் சேதமில்லை என்றாலும், நுழைவுப் பகுதியைப் பெரும் செலவில் மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

புதிய கட்டடத்துக்குப் பணம் இருந்தால் பாறை வரை எஃகுத் தூண் இறக்கிவிடலாம். ஆனால், லாங்யர்பியனில் நிலக்கரித் தொட்டிகளைச் சுமந்த ரோப்வேயின் மரக் கோபுரங்களை என்ன செய்வது? ஸ்வால்பார்டில் 1946-க்கு முற்பட்ட மனிதத் தடயங்கள் அனைத்தும் சட்டப்படி தாமாகவே பாதுகாக்கப்பட்டவை. நான் பெரிதும் மதிக்கும் சட்டம் அது. ஆயினும் அது மனிதக் கையைத்தான் தடுக்கும், காலடியில் நழுவும் சரிவைத் தடுக்காது. மரத்தை மாற்றி மாற்றிப் புதுப்பித்தால் எஞ்சுவது மூலச் சின்னமா, அதன் நகலா என்ற கேள்வியையும் மதிப்பீடு செய்வோர் முன்கூட்டியே எதிர்கொள்ள வேண்டும்.

கிரீன்லாந்தின் டிஸ்கோ விரிகுடாவில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்குள்ள கஜா என்னும் இடத்தில், சக்காக், டோர்செட், தூலே என அடுத்தடுத்து வாழ்ந்த மக்கள் விட்டுச்சென்ற எலும்பும் மரமும் கலந்த குப்பைமேடு உறைந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட அடுக்குகள் இளகும்போது, அவற்றிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தாமும் வெப்பத்தை வெளியிடுகின்றன; அந்த வெப்பம் அடுத்த அடுக்கையும் இளக்குகிறது. காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் கணக்கு இங்கே ஆபத்தைக் குறைத்தே காட்டும். அதே விரிகுடாவில் கெகெர்தசுசுக் என்ற இடத்தின் உறைந்த மண்ணில் கிடைத்த, ஏறத்தாழ 4,000 ஆண்டு பழமையான தலைமுடியிலிருந்துதான், 2010-இல் பண்டைய மனிதர் ஒருவரின் முழு மரபணு வரிசை முதன்முதலாக வெளியிடப்பட்டது. ஒரு கற்றை முடிக்கு எந்த மதிப்பீட்டு அட்டவணை என்ன விலை எழுதியிருக்கும்? இடிந்த சுவரைப் படம் பார்த்தாவது மீண்டும் எழுப்பலாம். யாரும் தோண்டிப் பார்க்காத மண்ணில் அழுகிப்போனது எது என்பதுகூட நமக்குத் தெரியவராது என்பதால், அகழாய்வு செய்யப்படாத இடங்களுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பதை ஏற்கிறேன். எதைக் கைவிடுவது என்று முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் எனக்குச் சமாதானம் இல்லை. கனடாவின் யூகான் கரையை ஒட்டிய கிகிக்தாருக் தீவு இனுவியாலுயிட் என்னும் பழங்குடி மக்களின் பூர்வீக நிலம். 1890 முதல் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அங்கே வந்து குளிர்காலத்தைக் கழித்தன. கடல் கரையை அரித்துவரும் நிலையில், வேட்டைக்காலக் கட்டடங்கள் சிலவற்றை உட்புறமாக நகர்த்திவிட்டார்கள். சரிவில் உள்ள கல்லறைகளையோ, மண் நழுவி அங்கே நெளிந்து உடைந்த சவப்பெட்டிகளையோ அப்படி நகர்த்திவிட முடியாது. முன்னோர் உறங்கும் மண்ணைத் தொடலாமா, அப்படியே கடலுக்கு விட்டுவிடலாமா என்று சொல்லும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு. அவர்களுடைய சொல் அறிக்கையின் பின்னிணைப்பில் அல்ல, முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.