கையெழுத்துப் போட்டது யாருங்க?

ஸ்ட்ரோக் வந்து தேறிய பெரியவர் ஒருத்தர் ஓட்டிய கார் பேக்கரிக்குள் புகுந்ததே, அந்த வீடியோவை இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாவது ஆள் என் மகன். மற்றவர்கள் சும்மா அனுப்பினார்கள். அவன் மட்டும் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே "அப்பா பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறான். பார்த்தேன் சாமி, பார்த்தேன்.

டீ மாஸ்டர் தப்பித்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்தக் கமெண்டுகள்! "ஸ்ட்ரோக் வந்த ஆளுக்குக் கார் எதுக்கு?" "அறுபது தாண்டினால் லைசென்ஸைப் பிடுங்கு." சரிங்க, பிடுங்கிக்கோங்க. ஓட்டலாம் என்று அவருக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

எனக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வருஷம். கை தேறியது, நடை தேறியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது வீட்டில் கேட்டார்கள், "ஏனுங்க, அவரைக்காய் பிடிக்கலீங்களா?" அவரைக்காயா? தட்டின் இடது பக்கம் வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டைத் திருப்பி வைத்த பிறகுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். கண்ணில் கோளாறு இருக்காது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு உறைக்காது.

அந்த மாதமே லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. நாற்பது தாண்டினால் படிவம் 1ஏ-வில் டாக்டர் சான்று வேண்டும். டிரைவிங் ஸ்கூல் தம்பி கூட்டிப்போன கிளினிக்கில் பேர் கேட்டார்கள், வயசு கேட்டார்கள், சீல் விழுந்தது. நானாகத்தான் சொன்னேன், "ஸ்ட்ரோக் வந்ததுங்க டாக்டர்." தலை நிமிரவில்லை. "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?" அவ்வளவுதான் பரிசோதனை. 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று படிவம் கேட்கிறது. நேரே நின்றால் ஜம்மென்று தெரியும். இடது ஓரமாக மொபட்டில் வருகிறவர் தெரிவாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

நாற்பதுக்குக் கீழே இருக்கும் வீரர்களுக்குச் சொந்தக் கார் ஓட்ட இந்தச் சடங்கும் கிடையாது. வலிப்பு இல்லை, மயக்கம் இல்லை என்று தாங்களே எழுதிக் கொடுத்தால் முடிந்தது. கமெண்ட் போட்ட எத்தனை பேர் அந்தப் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டீர்கள்?

என்னைச் சோதித்தது நான்தான். விற்காமல் கிடக்கும் ஒரு சைட்டில், மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். "மாப்ளே, கல்லு!" என்று அவர் கத்தி முடிக்கும் முன்னே இடது பம்பர் எல்லைக்கல்லில் உரசிவிட்டது. சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். அப்புறம் எட்டு மாதம் பிசியோ தம்பி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக்கினார். திரும்பவும் அதே சைட், அதே மச்சான். இப்போது பகலில் மட்டும், தோட்டத்துக்கு மட்டும்.

"நீயே கல்லில் இடித்தேன் என்கிறாயே, அப்போது நாங்கள் சொன்னது சரிதானே?" என்று வருவீர்கள். இடித்தேன். அந்த நேரம் என் பையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தது. அதைத்தானே சொல்கிறேன்! "டாக்டருக்குக் கூட்டம்" என்பீர்கள். கூட்டம் என்றால் கையெழுத்துப் போடாமல் இருக்கலாமே. "டவுன் பஸ்ஸில் போங்க பெரியவரே." எங்கள் பக்கம் காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. மாட்டை அதுவரைக்கும் தாகமாக இருக்கச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஸ்ட்ரோக் வந்தால் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக் கூடாது. அப்புறமும் பார்வையில் குறை இருந்தால் லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும். நம் சட்டமும் ஒன்றும் சொல்லாமல் இல்லை. உடம்புக்கு முடியாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 186-வது பிரிவில் முதல் தடவை 1,000 ரூபாய் அபராதம். ஓட்டியவனுக்கு மட்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவருக்கு ஃபீஸ்.

மகனுக்கு ஒன்று. நீ கிளச் பழகியது இதே காரில்தான். மூன்று தடவை காம்பவுண்டுச் சுவரில் இடித்தாய். நான் எந்த குரூப்பிலும் போடவில்லை. கேட்க வேண்டுமென்றால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம் கண்ணு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாவி ஆணியில் இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. இடது பக்கம்தான், ஆனாலும் பார்த்துவிட்டேன்.