டெத் வேலியில் ஓடுபவரிடம் நாம் கற்க வேண்டியது வேறு

மே மாதம் பிறந்துவிட்டால் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான காணொளிகள் சுற்றத் தொடங்கும். கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில், கானல் அலையும் தார்ச்சாலையில், உடல் முழுவதும் வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர் ஓடிக்கொண்டிருப்பார். கீழே ‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்று எழுதியிருக்கும். காணொளியில் குறையொன்றும் இல்லை. அந்த வாசகத்தை நம்பி உச்சி வெயிலில் ஓடக் கிளம்புகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

காணொளிகளில் வரும் அந்த ஓட்டம் பேட்வாட்டர் 135 எனப்படும் அல்ட்ராமாரத்தான், அதாவது மாரத்தானைவிட நீண்ட ஓட்டப் போட்டி; ஜூலை மாதத்தில் நடப்பது. கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே கிடக்கும் உப்புப் படுகையில் தொடங்கி, மூன்று மலைத்தொடர்களைத் தாண்டி, ஏறத்தாழ 2,530 மீட்டர் உயரத்திலுள்ள விட்னி போர்ட்டலில் முடிகிறது. 217 கிலோமீட்டரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். கடந்தவருக்குப் பணமுடிப்பு கிடையாது, இடைவாரில் மாட்டும் ஒரு பக்கிள் மட்டுமே. வழியிலுள்ள ஃபர்னஸ் கிரீக்கில்தான் 1913இல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. இப்பாதையை 1977இல் முதன்முதலாக ஓடி முடித்த அல் அர்னால்ட், இரண்டு முறை பாதியில் நின்றவர். சானா அறையின் சூட்டில் உடலைப் பழக்கிக்கொண்ட பிறகே அவருக்கு அது கைகூடியது.

ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே மாறுகிறது. காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவதைத் தவிர உடலுக்கு வேறு வழியில்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சொட்டித் தரையில் விழுந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. மண்பானைத் தண்ணீர் வறண்ட காற்றில் சில்லென்றும் புழுக்கத்தில் வெதுவெதுப்பாகவும் இருப்பது இதனால்தான். டெத் வேலியின் வறண்ட காற்றில் வியர்த்ததே தெரியாமல் சட்டையில் உப்பு மட்டும் படிந்திருக்கும். சென்னைக் கடற்கரையிலோ ஓடுகிறவரின் காலுறை பிழியும் அளவுக்கு நனைந்திருக்கும். ‘அவர்கள் 48 டிகிரியில் ஓடுகிறார்கள், நம்மால் 36 டிகிரியில் முடியாதா?’ என்று கேட்பவர்கள் காற்றின் ஈரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

காணொளிகளில் பெரும்பாலும் காட்டப்படாதது துணைக்குழு. பேட்வாட்டர் பாதையில் போட்டி நடத்துவோர் தண்ணீர்ப் பந்தல் எதுவும் வைப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் ஆட்களையும் வண்டியையும் கொண்டுவர வேண்டும். வண்டி சிறிது தூரம் முன்னே போய் நிற்கும்; ஓடி வருபவரின் தொப்பிக்குள்ளும் கழுத்துத் துணிக்குள்ளும் ஐஸ் திணிக்கப்படும், உடம்பில் தண்ணீர் பீய்ச்சப்படும், குடித்த அளவும் உட்கொண்ட உப்பும் குறித்துக்கொள்ளப்படும். குறிப்பது சும்மா இல்லை. தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி, உயிரே போகலாம். வெப்பத்தாக்குதலானாலும் (ஹீட் ஸ்ட்ரோக்) சோடியக் குறைவானாலும் ஓடுபவருக்குப் புத்தி தடுமாறும் என்பதால், நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவை அவரிடமே விட்டுவைப்பது மடமை. நரம்பு வழியாக ஒரு பாட்டில் திரவம் ஏற்றிக்கொண்டால்கூடப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள், அவ்வளவு கண்டிப்பு.

பாதுகாப்பை மறுஆய்வு செய்வதற்காகத் தேசியப் பூங்கா நிர்வாகம் அனுமதியை நிறுத்திவைத்ததால் 2014இல் போட்டி வேறு பாதையில் நடந்தது. பழைய பாதைக்குத் திரும்பியபோது புறப்பாடு இரவுக்கு மாறியிருந்தது. ‘பழைய கடுமை போய்விட்டது’ என்று முணுமுணுப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அந்த முணுமுணுப்பு பிடிப்பதில்லை. இரவில் புறப்பட்டாலும் மறுநாள் வெயிலிலிருந்து யாரும் தப்ப முடியாது. (முரட்டு ஆண்மையின் களமாக இதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்களையும் சேர்த்து ஒட்டுமொத்தமாக முதலில் வந்தவர் பாம் ரீட் என்ற பெண்மணி.)

அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது உடலைப் பழக்கும் பொறுமை. பத்துப் பதினான்கு நாட்கள் வெப்பத்தில் மிதமாகப் பயிற்சி செய்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் கரைந்து போகும் உப்பும் குறையும். பயிற்சியை விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்தப் பலன் போய்விடும். முழுக்கக் குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் வெயிலில் முப்பது கிலோமீட்டர் ஓடுவது இதில் சேராது.

உடன் ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ, வியர்க்கிறதே என்று சமாதானம் அடையாதீர்கள். ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்குதலில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல், கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் அமர்த்துவதே முதல் வேலை. முதலில் குளிர்விப்பது, அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. கோடையில் நடக்கும் எந்த ஓட்டத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன், மருத்துவக் கூடாரத்தில் ஆள் அமரும் அளவுக்கு ஒரு தொட்டியும் அதற்கு வேண்டிய ஐஸும் இருக்குமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். டீ-ஷர்ட் என்ன நிறம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.